பழைய படங்களிற் பெண்ணும் வாசற்படியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



தேவாரமும் புராண படனமும் ஒலிக்கின்ற இம்மேடையிலே சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, நாயன்மாரைப் பற்றி ஏதும் சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். சொல்லத்தான் போகிறேன். நாயன்மாருள் ஒருவர் இப்பேச்சின் நடுவே வருவார். ஆனால் அவரையும் சினிமாக் கொட்டகை வழியாகவே அழைத்து வருவேன்; பொறுத்தருள வேண்டும்.

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "அந்தக் காலத்துப் படங்களிலே பெண் பெண்ணாக இருந்தாள், அடக்கமும் கற்பும் விளங்கின, இப்போது எல்லாம் கெட்டுவிட்டது" என்பது ஒரு கட்சி. இது பெரும்பாலும் முன்வரிசையில் அமர்ந்திருப்போரின் கட்சி. "அந்தப் படங்களிலே பெண்ணுக்கு அழுவதும் பாடுவதுந்தான் வேலை, அவற்றைப் பார்ப்பதே வீண்" என்பது மற்றக் கட்சி. இது பின்வரிசையில் நிற்கின்ற என் தோழர்களின் கட்சி. இரண்டு கட்சிக்காரரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையுடையவர்கள்: இருவரும் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்ததை மறந்துவிட்டார்கள். முன்வரிசை போற்றுகிற அந்த அடக்கமும் பின்வரிசை ஏளனஞ் செய்கிற அந்த அழுகையும் பழைய படங்களில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றோடு வேறொன்றும் இருந்தது. அதை ஒரே ஒரு பொருளை வைத்துக் காட்ட விரும்புகிறேன். அப்பொருள் வாசற்படி.

ஒரு வீட்டின் வாசற்படியிலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதைத் தாண்டி யார் உள்ளே வரலாம்? இதைத் தாண்டி யார் வெளியே போகலாம்? முதலாவது சாதியைப் பற்றிய கேள்வி. இரண்டாவது பெண்ணைப் பற்றிய கேள்வி. நாம் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து, ஒன்றுக்கு ஒரு கருத்தரங்கும் மற்றதற்கு ஒரு கருத்தரங்கும் நடத்துகிறோம். ஆனால் 1939ஆம் ஆண்டில் வந்த ஒரு தமிழ்ப் படம் இரண்டையும் ஒரே வாசலில் வைத்துக் காட்டிற்று. அதுதான் "தியாகபூமி".

இப்படத்தை இயக்கியவர் கே. சுப்பிரமணியம் அவர்கள். சட்டம் படித்து வக்கீலாயிருந்து சினிமாவுக்கு வந்தவர். கதை கல்கி அவர்களுடையது. கதை ஆனந்த விகடனிலே தொடராக வந்த காலத்திலேயே படமும் தயாராயிற்று. படக்காட்சிகளின் புகைப்படங்களே தொடர்கதைக்குச் சித்திரங்களாக அச்சிடப்பட்டன. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன் அவர்கள். நாம் கீர்த்தனங்களால் அறிந்த அதே சிவன்தான். சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமியும், அவள் கணவன் சிறீதரனாக கே. ஜே. மகாதேவனும், குழந்தை சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தார்கள். 1939 மே 20ஆந் தேதி படம் வெளிவந்தது. காந்தீயப் பிரசாரம் மிகுந்த படம். அந்த ஆண்டின் பிற்பகுதியிலே காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகிய பின்னர் ஆங்கில அரசு இதனைத் தடை செய்தது. படச்சுருள் பூனாவிலுள்ள திரைப்படக் காப்பகத்திலே பேணப்பட்டமையால் இன்று நமக்கும் காணக் கிடைக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பு சாஸ்திரி ஒரு கிராமத்து அந்தணர், பக்தர். மழையும் வெள்ளமும் பெருகிச் சேரி மக்களின் குடிசைகள் அழிந்தபோது, அவர்களுக்குத் தம்முடைய வீட்டில் இடம் கொடுக்கிறார். அக்கிரகாரம் அவரைச் சாதியிலிருந்து தள்ளிவைக்கிறது. அவருடைய மகள் சாவித்திரி. அவளுக்கு மணஞ்செய்து வைக்கச் சாஸ்திரியார் தம் பொருளையெல்லாம் இழக்கிறார். மாப்பிள்ளையோ கல்கத்தாவிலே உத்தியோகம் பார்க்கும் நவநாகரிக வாலிபன். ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தியிடம் மையல் கொண்டவன். சாவித்திரி அங்கே படாத பாடு படுகிறாள். கருவுற்ற நிலையிலே துரத்தப்படுகிறாள். தந்தையைத் தேடி வந்தால் தந்தையும் ஊரில் இல்லை. குழந்தை பிறக்கிறது. தற்செயலாகத் தந்தையை ஓரிடத்தில் உறங்கக் கண்டு, குழந்தையை அவர் பக்கத்திலே கிடத்திவிட்டுப் போய்விடுகிறாள்.

இவ்விடத்திலே சற்று நிற்போம். தாய் ஒருத்தி தன் சிசுவை விட்டுப் போகிறாள். இன்றைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலே இப்படி ஒரு பெண் வந்தால் அடுத்த காட்சியிலே அவளைக் கொடியவள் ஆக்கிவிடுவார்கள். ஆயுள் முழுதும் அழவைப்பார்கள். தியாகபூமி அவளைப் பழிக்கவில்லை. தலைக்கு மேலே கூரையும் கையிலே காசும் இல்லாத ஒருத்தி, தான் நம்பக்கூடிய ஒரே மனிதரிடம் குழந்தையை ஒப்படைத்தாள் என்றே காட்டுகிறது. அவள் பம்பாய்க்குப் போகிறாள். உறவுவழிச் சொத்து அவள் கைக்கு வருகிறது. சில ஆண்டுகளின் பின் உமாராணி என்ற பெயரோடு பெருஞ் செல்வியாகச் சென்னைக்குத் திரும்புகிறாள். இப்போது கணவனுக்கு மனைவியின் நினைவு வருகிறது. எத்துணை வசதியான ஞாபகசக்தி! மனைவி தன்னோடு வந்து வாழவேண்டும் என்று வழக்குத் தொடுக்கிறான்.

இந்த நீதிமன்றக் காட்சிதான் படத்தின் உயிர். சாவித்திரி கூண்டிலே நின்று தானே பேசுகிறாள். தன்னைத் துரத்திய மனிதனோடு வாழ முடியாது என்கிறாள். அதோடு விடாமல், வேண்டுமானால் தான் அவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்று சொல்கிறாள். மனைவி கணவனுக்கு ஜீவனாம்சம் கொடுப்பது! 1939ஆம் ஆண்டுக் கொட்டகையிலே இச்சொல்லைக் கேட்ட தரைவகுப்பும் நாற்காலி வகுப்பும் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இக்காட்சியின் துணிவை உணர அக்காலச் சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்திலே இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்ற வழியே சட்டத்தில் இல்லை. மாகாணச் சட்டம் 1949இலேதான் வந்தது. இந்தியா முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. ஆனால் பிரிந்த மனைவியைத் திரும்ப வரச்செய்யக் கணவன் வழக்குத் தொடுக்கலாம். அந்த வழக்கு முறை இந்து தருமத்தில் இருந்து வந்ததன்று. ஆங்கிலேயர் தங்கள் நாட்டுத் தேவாலயச் சட்டத்திலிருந்து கொண்டுவந்து நாட்டியது. பம்பாயிலே உருக்மாபாய் என்ற பெண், பதினொரு வயதில் தனக்குக் கட்டிவைக்கப்பட்ட கணவனோடு போக மறுத்தார். 1887இல் நீதிமன்றம், ஒன்று கணவனிடம் போ, அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். பின்னர் வழக்கு சமாதானமாயிற்று. அப்பெண் இலண்டன் சென்று வைத்தியம் படித்து டாக்டராகத் திரும்பினார். வக்கீலாயிருந்த சுப்பிரமணியத்துக்கு இந்தச் சட்டம் எங்கே கடிக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். ஆகவேதான் அக்காட்சி வெறுங் கண்ணீராக முடியாமல் வாதமாக நிற்கிறது.

நீதிமன்றம் என்று வந்துவிட்டதால், அதே காலத்துப் படங்கள் இரண்டினை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1942இல் ஜூபிடர் நிறுவனத்தாரின் "கண்ணகி" வந்தது. கண்ணாம்பா கண்ணகி, பி. யூ. சின்னப்பா கோவலன், வசனம் இளங்கோவன். பாண்டியன் அவையிலே கண்ணாம்பா பேசிய வசனத்தை ஒப்புவிக்கக்கூடிய முதியவர்கள் அண்மைக்காலம் வரை நம் ஊர்களிலும் இருந்தார்கள். கண்ணகியும் வாசற்படியைத் தாண்டினாள். அரசன் முன்னே தனியே நின்று பேசினாள். ஆனால் அவள் கேட்ட நீதி கணவனுக்காக. அடுத்தது 1952இல் வந்த "பராசக்தி". கிருஷ்ணன் பஞ்சு இயக்கி, கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் முதன்முதலாக நடித்த படம். துன்பங்களெல்லாம் படுபவள் கலியாணி என்ற விதவை. கணவனையும் தந்தையையும் இழந்து, இட்டலிக் கடை வைத்துப் பிழைத்து, கோயிலிலே பூசாரியிடமிருந்தும் தப்பி ஓடுகிறவள் அவளே. ஆனால் அந்தப் புகழ்பெற்ற நீதிமன்ற வசனத்தைப் பேசுவது அவளல்லள். அவளுடைய அண்ணன் குணசேகரன். நீதிபதியும் இன்னோர் அண்ணன்! தங்கையின் வாழ்க்கையைப் பற்றி அண்ணன்மார் இருவர் சபையிலே பேசி முடிக்கிறார்கள். பராசக்தி சமுதாயத்தை உலுக்கிய படம் என்பதை நான் மறுக்கவில்லை. அதிலேயே விமலா என்ற படித்த பெண், தன் மனத்துக்கு இசைந்தவனைத் தானே தேர்ந்துகொள்கிறாள் என்பதையும் மறக்கவில்லை. ஆயினும் புரட்சிப் படம் என்று பேர்பெற்ற 1952ஆம் ஆண்டுப் படத்திலே பெண்ணுக்காக ஆண் பேசுகிறான். நாம் வைதிகப் படம் என்று ஒதுக்கக்கூடிய 1939ஆம் ஆண்டுப் படத்திலே பெண்ணே தனக்காகப் பேசுகிறாள். காலம் எப்போதும் முன்நோக்கித்தான் போகிறது என்று நம்பும் என் தோழர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நிற்க. வாசற்படியின் மற்றக் கேள்விக்கு வருவோம். சாஸ்திரியார் தம் வீட்டைச் சேரி மக்களுக்குத் திறந்தார். படம் வெளிவந்து இரண்டு மாதங் கழியுமுன், 1939 யூலை 8ஆந் தேதி, வைத்தியநாத ஐயர் அவர்கள் தாழ்த்தப்பட்ட அன்பர் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தார். நாட்டிலே நடந்துகொண்டிருந்த பெரும் போராட்டம் ஒன்றைப் படம் ஓர் அந்தணரின் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது எனலாம். சாஸ்திரியார் எதை இழந்தார் என்பதையும் கவனியுங்கள். சேரி மக்களை உள்ளே விட்டதனால் அவர் ஊரை இழந்தார். ஊரை இழந்தமையால் அவர் மகளுக்குத் திரும்பி வர ஒரு பிறந்தகம் இல்லாமற் போயிற்று. ஏழைக்குக் கதவைத் திறந்தவனின் மகளுக்கு ஊர் கதவைச் சாத்திற்று. சாதிக் கட்டுப்பாட்டைக் காக்கும் அதே கைதான் பெண்ணையும் கட்டுகிறது என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் கதைப்போக்கே சொல்லிவிடுகிறது.

சுப்பிரமணியம் இதற்கு முன் செய்த படங்களிலும் இதே வாசல் உண்டு. 1937இல் வந்த "பாலயோகினி"யிலே, சொந்த உறவினரின் வீட்டால் துரத்தப்பட்ட விதவைக்கு அடைக்கலம் தருவது தாழ்த்தப்பட்ட வேலைக்காரனின் குடிசை. அங்கே உயர்ந்த சாதிக்காரி தாழ்ந்த சாதிக்காரனின் வாசலை மிதிக்கிறாள், திசை மாறிவிட்டது. 1938இல் வந்த "சேவாசதனம்" பிரேம்சந்த் அவர்களின் நாவலைத் தழுவியது, எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் முதற் படம். சீதனங் கொடுக்க வழியில்லாமையாற் கிழவனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண்ணின் கதை அது.

ஆனால் தியாகபூமியைக் குறையற்ற படம் என்று நான் சொல்லமாட்டேன். அதன் குறைகளும் வாசற்படியிலேதான் உள்ளன. முதலாவது, சேரி மக்கள் அப்படத்திலே வாயில்லாதவர்கள். சாஸ்திரியார் இடங் கொடுக்கிறார், அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள். தங்களுக்கு எது வேண்டும் என்று சொல்வதற்கு அவர்களுள் ஒரு சாவித்திரி இல்லை. இரண்டாவது, அந்த ஆங்கிலோ இந்தியப் பெண். குட்டைக் கூந்தல், கவுண், குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்ற வேஷம். பிறகு வந்த எத்தனையோ படங்களிலே வேறு வேறு பெயர்களோடு இவளைக் கண்டிருக்கிறோம். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். கவுண் அணிந்து, தலைமயிரைக் கத்தரித்து, எங்களுக்குக் கணிதமும் ஒழுக்கமும் ஒருங்கே புகட்டிய ஆசிரியைகளை அறிவேன். ஒரு சமூகத்துப் பெண்ணின் விடுதலையைக் காட்டுவதற்கு மற்றொரு சமூகத்துப் பெண்ணை இழிவாகக் காட்டவேண்டும் என்ற நியதி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சேரிக்குத் திறந்த கதவை அந்தப் பெண்ணுக்குப் படம் சாத்திவிட்டது. மூன்றாவது, முடிவு. சாவித்திரி கணவன் வீட்டுக்குப் போகவில்லை; செல்வத்தையும் துறந்து தேசத்தொண்டில் இறங்கிச் சிறை செல்கிறாள். கணவனும் மனந்திருந்தி அதே வழிக்கு வருகிறான். தேசம் என்ற பெரிய வீட்டுக்குள்ளே சின்ன வீட்டின் வழக்குக் கரைந்துவிடுகிறது. 1939ஆம் ஆண்டிலே அதற்கு நியாயம் உண்டு. எனினும் கூண்டிலே நின்று பேசிய பெண்ணின் கேள்விக்கு விடை கிடைத்ததா என்றால், இல்லை.

இனி, வாக்களித்தபடி நாயனாரை அழைக்கிறேன். திருநாளைப்போவார். ஆதனூரிலே புலையர் குலத்திற் பிறந்து, திருப்புன்கூரிலே நந்தி விலகத் தரிசித்து, தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கிய நந்தனார். தில்லை வாசலிலே அவர் நின்றார். உள்ளே புகுவதற்கு அவர் தீயில் மூழ்கி எழவேண்டியதாயிற்று. சேக்கிழார் சுவாமிகள் பக்தியின் உச்சமாகப் பாடிய இடம் அது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம், மற்ற அடியார்கள் கால் கழுவிக்கொண்டு தாண்டிய வாசலை இவர் ஒருவர் மாத்திரம் ஏன் நெருப்பிலே குளித்துத் தாண்டவேண்டும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. பெரியோர்கள் கோபிக்கக் கூடாது. நாயனாரிடத்து உள்ள அன்பினாலேயே வரும் எண்ணம் அது.

1935ஆம் ஆண்டிலே "பக்த நந்தனார்" படமாக வந்தது. நந்தனாராக நடித்தவர் யார் தெரியுமா? கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சுந்தராம்பாள் கொடுமுடியிலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். சிறு வயதிலே நாடக மேடை ஏறியவர். கொழும்புக்கு நாடகமாட வந்த இடத்திலேதான் எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவருடைய நட்பு தொடங்கிற்று என்பது நம் நாட்டுக்கும் அவர் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு. கிட்டப்பா 1933இல் இளவயதிலே இறந்தார். அம்மையார் வெள்ளாடை உடுத்து ஒதுங்கியிருந்தார். அவரை நந்தனாராக நடிக்கக் கேட்டபோது அவருக்குப் பேசப்பட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அக்காலத்திலே இந்தியாவில் எந்த நடிகரும் கனவுகாணாத தொகை. மங்கல காரியங்களிலே விதவை எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கிய சமுதாயம், ஒரு விதவையின் குரலைக் கேட்க வரிசையிலே நின்று சீட்டு வாங்கிற்று. அவரோ ஆணாக, அதிலும் தீண்டாதவன் எனப்பட்ட ஆணாகத் திரையிலே நின்று பாடினார். வாசற்படியின் இரண்டு கேள்விகளும் ஒரே உடம்பிலே வந்து நின்ற காட்சி இது. இந்த ஒரு விஷயத்துக்காகவேனும் தமிழ் சினிமா வரலாற்றை நம் பாடசாலைகளிற் படிப்பிக்கலாம்.

அதே அம்மையார் 1953இலே ஜெமினியாரின் "ஒளவையார்" படத்தில் நடித்தார். கலியாணப் பேச்சு வந்தபோது, இளமையையும் அழகையும் எடுத்துவிடு என்று பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிறாள் ஒளவை. அதன்பின் அவளை யாரும் தடுக்கவில்லை. அரசவைக்கும் போகிறாள், காட்டுக்கும் போகிறாள், ஆண்டிக்கும் அரசனுக்கும் புத்தி சொல்கிறாள். மிகவும் மகிழ்ந்து பார்த்த படம். ஆனால் பார்த்து முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டேன். நந்தனார் உள்ளே போக நெருப்புக் கூலி. ஒளவை வெளியே போக இளமை கூலி. வாசற்படி யாரையும் இலவசமாக விடுவதில்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த குடும்பப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். கணவன் குடித்தாலும் அடித்தாலும் அவன் காலடியிலே தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிடப்பவளே உத்தமி என்ற பாடத்தை அவை அலுக்காமற் சொல்லின. படித்த பெண் திமிர் பிடித்தவளாக அறிமுகமாகி, கடைசியிலே ஒரு அறையில் திருந்துவாள். முன்வரிசைக் கட்சியினர் "பழைய படம்" என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பவை இவைதாம். இவற்றிலும் பழையவை வேறு விதமாக இருந்தன என்பதே என் வாதம்.

இவையெல்லாம் தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்திலே வெலிங்டன், றீகல், வின்சர் முதலிய கொட்டகைகள் இருந்த நாட்களில் இந்தப் படங்களே நம்முடைய மாலைப்பொழுதுகளை நிரப்பின. நம்முடைய வாசற்படியைக் காட்டிய படம் மிகப் பிந்தியே வந்தது. 1977இலே "பொன்மணி" வந்தது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. அப்போது யாழ்ப்பாண வளாகத்திலே ஆசிரியராயிருந்த சிங்களவர். காவலூர் இராசதுரை அவர்கள் எழுத்திலே துணைநின்றார். சீதனம் இல்லாமையாற் கலியாணமாகாது வீட்டிலிருக்கும் மூத்தவள். சாதி கடந்த காதலோடு வாசலைத் தாண்டுகிற இளையவள் பொன்மணி. முடிவு மங்களமன்று. படம் ஓடவில்லை. தென்னிந்தியப் படங்களின் பாட்டும் சண்டையும் இல்லையென்று நம்மவர் ஒதுக்கினார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. திரையிலே தெரிந்தது கும்பகோணத்து அக்கிரகாரமாயிருந்தால் கைதட்டலாம். நம் பக்கத்து ஒழுங்கையாயிருந்தால் கைதட்டுவது கடினம்.

ஏனென்றால் நம் ஒழுங்கையின் வரலாறு அதிகம் பழையதன்று. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று வந்தபோது 1930ஐ ஒட்டிய காலத்திலே யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அது வந்து பதினொரு ஆண்டுகளின் பின், 1968இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே முருகனை வழிபட வந்த அடியார்கள் உள்ளே போக முடியாமல் வெளியே அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்தார்கள். தியாகபூமி வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களும் அந்தக் கதவுக்கு உட்புறத்தில் நின்றிருப்பார்கள்.

பெண்ணின் வாசற்படி நம்மிடம் வேறு மாதிரியானது. இதையும் சொல்லியாக வேண்டும். தியாகபூமியிலே வீடு கணவனுடையது. ஆகவே அவன் துரத்தினான். நம் யாழ்ப்பாணத்திலோ வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பேரில் எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் அந்த வாசலுக்குள் வருகிறார். "எங்கள் பெண்களுக்குச் சொத்துரிமை அன்றே உண்டு" என்று நாம் பெருமை பேசுவது இதனால்தான். பெருமை நியாயமே. ஆனால் தேசவழமைக்குட்பட்ட பெண்கள் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடுவைக்கவும் கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. அவர் மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். தந்தையிடமிருந்து வந்த காணி. பத்திரத்திலே அவள் பெயர். பேனாவைத் தொடக் கணவனுடைய உத்தரவு. சாவித்திரிக்குப் பம்பாய்ச் சொத்து கிடைத்தபோது அவள் அதைத் தன் இஷ்டப்படி ஆண்டாள்; ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொல்லவும் முடிந்தது. நம் ஊரிலே அதே சாவித்திரி வீடும் வளவும் உடையவளாயிருந்தும், ஈடு வைத்து வக்கீலுக்குப் பணங் கொடுக்கவேனும் யாரோடு வழக்காடுகிறாளோ அவரிடமே கையெழுத்துக் கேட்டிருக்க வேண்டும். இச்சட்டத்தைப் பற்றிய விவாதம் இந்நூற்றாண்டிலும் தொடர்கிறது. அதிலே நம்மைப் போன்ற சைவ இளைஞர் சங்கங்களின் குரல் ஏன் கேட்கவில்லை என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

"அப்படியானால் பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்கிறாயா?" என்று கேட்க ஒருவர் வாயெடுப்பது எனக்குத் தெரிகிறது. ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. சாவித்திரியும் போக விரும்பியவள் அல்லள். தந்தை கட்டிவைத்த இடத்திலே வாழத்தான் கல்கத்தாவரை போனாள், எவ்வளவோ பொறுத்தாள். அவள் கேட்டதெல்லாம், இருப்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கும்போது தன் வாயையும் திறக்கவிடுங்கள் என்பதே. பொன்மணியின் மூத்த சகோதரியோ வாசலைத் தாண்டவேயில்லை. அவளுக்கு யாரும் அநியாயஞ் செய்ததாக ஊர் சொல்லாது. இளையவளைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். எனக்கு இரண்டு பேரிலும் மூத்தவளை எண்ணியே நெஞ்சு கனக்கிறது. அவளைப் போன்றவர்கள் நம் வீடுகளிலே, சில வேளை இந்த மண்டபத்திலேயே, இருக்கிறார்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டு கலைவிழாவிலே ஓர் இரவைத் தியாகபூமிக்கு ஒதுக்குங்கள். பொன்மணியும் கிடைக்குமானால் மறுநாள் இரவு அதற்கு. படம் முடிந்ததும் கலந்துரையாடல் வைப்போம். நம் கூட்டங்களிலே பெண்கள் கோலம் இடுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், கடவுள் வாழ்த்துப் பாடுகிறார்கள், பிறகு பின்வரிசையிலே அமர்ந்துவிடுகிறார்கள். அன்றைய கலந்துரையாடலைத் தொடங்கி நடத்துபவர் அவர்களுள் ஒருவராயிருக்கட்டும். அன்று நான் கதிரை அடுக்குகிறேன்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறதென்று நினைக்கிறேன். முதற் கேள்வி தாய்மார் பக்கத்திலிருந்து வரட்டும்.